விரல் மடங்குகிறதே என்று இருந்துவிடாதீர்கள்: மரக்கரண்டி செதுக்குவோருக்கு ஒரு வேண்டுகோள்

சென்ற வாரமும் ஓர் இளைஞர் வந்தார். பச்சை வேப்பங்கிளையில் கரண்டி செதுக்கியபோது இடது ஆள்காட்டி விரலின் அடியில், உள்ளங்கைப் பக்கமாக, ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத வெட்டு. வீட்டருகே இரண்டு தையல் போட்டுக்கொண்டவர், காயம் ஆறியும் விரல்நுனி மடங்காததால் நான்கு வாரம் கழித்து வந்திருக்கிறார். முதல் சில நாட்களுக்குள் வந்திருந்தால் விரலை மடக்கும் தசைநாணின் அறுந்த முனைகளை நேராகவே சேர்த்துத் தைத்திருக்கலாம். இப்போது ஒரு முனை உள்ளங்கைக்குள் பின்வாங்கிச் சுருங்கிவிட்டது. அது ஓடும் உறையும் தழும்பேறி மூடிக்கொண்டது. இனி முன்கையிலிருந்து வேறொரு தசைநாணை எடுத்து, இரண்டு கட்டமாக அறுவை செய்ய வேண்டும். கை அறுவை மருத்துவம் பார்க்கும் எனக்கு இதை மீண்டும் மீண்டும் காண்பதில் ஆற்றாமைதான் மிஞ்சுகிறது.

“விரல் மடங்கியதே டாக்டர், அதனால் நரம்பு அறுபடவில்லை என்று நினைத்தேன்” என்றார் அவர். ஏறக்குறைய எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். நம் பேச்சில் இரத்தக் குழாயும் நரம்பு, உணர்வைக் கடத்துவதும் நரம்பு, விரலை இழுத்து மடக்கும் தசைநாணும் நரம்பு. மூன்றையும் ஒரே சொல்லால் அழைப்பதால், எது அறுந்தது என்ற கேள்வியே எழாமல் போய்விடுகிறது. கட்டைவிரல் நீங்கலாக ஒவ்வொரு விரலுக்கும் மடக்கும் தசைநாண்கள் இரண்டு உண்டு. ஒன்று நடு எலும்பு வரையிலும், மற்றொன்று நுனி எலும்பு வரையிலும் செல்கின்றன. நுனிக்குச் செல்வது முழுவதும் அறுந்தாலும் நடு மூட்டு மடங்கும். இரண்டுமே அறுந்தாலும்கூட, கைக்குள் இருக்கும் சிறு தசைகள் விரலின் அடி மூட்டை மடக்கிக் காட்டும். பாதி அறுந்த தசைநாணோ இன்று மூன்று மூட்டையும் மடக்கிவிட்டுச் சில நாள் கழித்து அறுந்துபோகலாம். ஆகவே விரல் மடங்குவது எதற்கும் சான்று ஆகாது. நடுக் கணுவை மற்றொரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, நுனிக் கணு மட்டும் தனியே மடங்குகிறதா என்று மெதுவாகப் பாருங்கள்; விரல்நுனியின் இரு பக்கமும் தொட்டால் ஒரே மாதிரி உணர்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லாம் சரியாகத் தோன்றினாலும், உள்ளங்கைப் பக்கத்து ஆழமான வெட்டை மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும்.

கரண்டி செதுக்குவதை நான் குறை சொல்லவில்லை. அது கைக்கும் மனத்துக்கும் நல்ல வேலை. கைக்கோடரியால் கட்டையைப் பிளக்கும்போது காயப்பட்டு என்னிடம் வருபவர்கள் குறைவு, அப்போது எல்லோரும் விழிப்போடு இருக்கிறார்கள். கரண்டியை இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வளைகத்தியால் குழியைத் தோண்டும்போதுதான் கத்தி விளிம்பைத் தாண்டி வந்து விரலில் இறங்குகிறது. அதிலும், பாதியில் நிறுத்திய வேலையை இரண்டு நாள் கழித்துத் தொடர்பவர்கள், பச்சையாக இருந்தபோது இணங்கிக்கொடுத்த மரம் காய்ந்து இறுகியிருப்பதை எண்ணாமல், அதே கத்தியை இருமடங்கு பலத்தோடு அழுத்துகிறார்கள்.

குழியை முதலில் தோண்டிவிடுங்கள். கட்டை இன்னும் நீளமாக இருக்கும்போதே அதை மேசையில் இறுக்கிப் பிணைத்து, குழிவு உளியாலும் கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியலாலும் தோண்டினால், பிடிக்கும் கையே அங்கு தேவைப்படாது. வேலை முடியாவிட்டால் ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். மழுங்கிய கத்திதான் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள், பலத்தைக் கேட்கும் கத்திதான் வழுக்கும். தொடைகளுக்கு நடுவில் வைத்துச் செதுக்கவே கூடாது. அங்கே பெரிய தமனி ஓடுகிறது. வெட்டுத் தாங்கும் கையுறை அணியுங்கள், ஆனால் அது கத்தியின் விளிம்பைத்தான் தடுக்கும், முனை குத்துவதைத் தடுக்காது என்பது நினைவிருக்கட்டும்.

வெட்டுப்பட்டுவிட்டால் மோதிரத்தைக் கழற்றிவிட்டு, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள். இடையிடையே துணியை எடுத்துப் பார்க்க வேண்டாம். காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் தயவுசெய்து வைக்காதீர்கள். அவற்றைக் கழுவி எடுப்பதற்குள் எங்களுக்குப் பாதி நேரம் போய்விடுகிறது. விரலைச் சுற்றிக் கயிறோ ரப்பர் வளையமோ கட்டாதீர்கள். தையல் போடும் இடத்தில் டெட்டனஸ் ஊசியோடு, “தசைநாணைச் சோதித்தீர்களா?” என்றும் வெட்கப்படாமல் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் கை அறுவை அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு உள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள்; சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. கிளம்பும்போது எதுவும் சாப்பிட வேண்டாம், மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருந்தால் வயிறு காலியாகும்வரை காத்திருப்பது குறையும்.