செத்துக் கிடக்கும் காட்டு விலங்கை ஏன் தொடக் கூடாது: சட்டமும் வைரஸ் நோய்களும்

தோட்டத்து வேலியோரம் காட்டுப்பன்றி செத்துக் கிடந்தாலும், சாலையில் வண்டி மோதி மான் விழுந்தாலும், அந்த உடல் பார்த்தவருக்கோ நிலத்துக்காரருக்கோ சொந்தமில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி அது அரசின் சொத்து. சட்டத்தை மீறி வேட்டையாடியது, தானாகச் செத்துக் கிடந்தது, தவறுதலாகக் கொல்லப்பட்டது எல்லாமே இதில் அடங்கும். உயிரைக் காத்துக்கொள்ள வேறு வழியில்லாமல் ஒரு விலங்கைக் கொல்ல நேர்ந்தால் அது குற்றமில்லை என்று 11ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அப்போதும் உடல் அரசுடையதுதான். எந்த வழியிலாவது அது உங்கள் கைக்கு வந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ வனத்துறை அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும்.

"நாங்களா கொன்றோம்? செத்துக் கிடந்ததைத்தானே எடுத்தோம்?" என்று கேட்பவர்கள் நிறைய. சட்டம் விலங்கை மட்டும்தான் பார்க்கிறது, மனிதனைப் பார்க்கவில்லை என்ற கோபம் அதில் இருக்கிறது. என் பார்வையில் இந்த ஒரு விதி விலங்கைவிட மனிதனுக்குத்தான் அதிகம் உதவுகிறது. விலங்கு செத்துப்போன பிறகு அதற்கு என்ன பாதுகாப்பு வேண்டியிருக்கிறது? ஆபத்து அந்த உடலைத் தூக்கி, தோலுரித்து, வெட்டுகிறவருக்குத்தான். காயமே இல்லாமல் ஒரு விலங்கு செத்துக் கிடந்தால் முதலில் நோயைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

தண்டனையையும் சொல்லிவிடுகிறேன். சட்டத்தில் 2022இல் கொண்டுவந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொதுவான மீறல்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது அதிகப் பாதுகாப்புத் தரும் பட்டியலில் உள்ள புலி, யானை போன்ற விலங்கு என்றாலோ, சரணாலயத்துக்குள்ளோ தேசியப் பூங்காவுக்குள்ளோ வேட்டையாடினாலோ குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. கண்ணி வைப்பதும், வலை விரிப்பதும், விஷம் வைப்பதும், அதற்கு முயற்சி செய்வதும்கூட வேட்டைதான். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பழங்குடி மக்களுக்குத் தேன், கிழங்கு போன்ற சிறு வனப் பொருட்களைச் சேகரிக்க உரிமை தருகிறது. வேட்டையை மட்டும் அந்த உரிமையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது.

இனி நோய்க்கு வருவோம். நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது குரங்குக் காய்ச்சல். 1957இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில் உள்ள கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட வைரஸ் இது. காட்டு உண்ணிகள் இதைச் சுமக்கின்றன. மந்தியும் நாட்டுக் குரங்கும் இந்த நோய் வந்தால் செத்து விழும். உடல் குளிர்ந்ததும் உண்ணிகள் அதை விட்டு இறங்கி, சுற்றியுள்ள சருகிலும் புல்லிலும் அடுத்த ரத்தத்துக்காகக் காத்திருக்கும். குரங்கைத் தொடவே வேண்டாம், அந்த இடத்தில் விறகு பொறுக்கினாலே போதும். 2012இல் பந்திப்பூரில் செத்த குரங்குகளைக் கையாண்டவர்களுக்கும் இந்த நோய் வந்தது. அதே காலத்தில் நீலகிரியில் செத்த குரங்குகளிலும் இந்த வைரஸ் இருப்பது உறுதியானது. உண்ணி கடித்து 3 முதல் 8 நாட்களில் திடீரெனக் குளிர்க் காய்ச்சல், கடும் தலைவலி, உடம்பு வலி என்று தொடங்கும். சிலருக்கு ரத்தக் கசிவு வரை போகும். நூற்றில் 3 முதல் 5 பேர் வரை இறக்கிறார்கள். இதற்கென்று தனி மருந்து இல்லை. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போய் நீர்ச்சத்தும் ரத்தக் கசிவும் கவனிக்கப்பட்டால் பெரும்பாலானவர்கள் பிழைக்கிறார்கள்.

அடுத்தது ரேபிஸ். நாயோடு மட்டும் சேர்த்து நினைக்கிறோம். நரிக்கும் கீரிக்கும் காட்டுப் பூனைக்கும் கூட வரும். கடிக்க வேண்டும் என்பதில்லை. நோயுற்ற விலங்கின் தலையை வெட்டும்போது எச்சிலோ மூளைத் திசுவோ கையிலுள்ள கீறலில் பட்டாலும் ஆபத்து. அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாது.

"நன்றாக வேகவைத்துத்தானே சாப்பிடுகிறோம்" என்பார்கள். வெந்த கறியில் வைரஸ் அழிந்துவிடும், சரிதான். ஆனால் தோலுரித்தவர் கையையும், வெட்டிய கத்தியையும், பக்கத்தில் நின்று பார்த்த பிள்ளையையும் யார் வேகவைத்தது? அரைவேக்காட்டுக் கறியில் இன்னொரு சிக்கல் உண்டு: காட்டுப்பன்றியும் மானும் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஈ வைரஸைச் சுமக்கக்கூடும். ஜப்பானில் மான் கறியைப் பச்சையாகச் சாப்பிட்டவர்களுக்கு அப்படி மஞ்சள்காமாலை வந்தது 2003இல் நிரூபணமானது. பழந்தின்னி வௌவால் கறி ஆஸ்துமாவுக்கு மருந்து என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். அதை நிறுத்தியே ஆக வேண்டும். நிபா வைரஸின் இயற்கையான இருப்பிடமே பழந்தின்னி வௌவால். 2018இல் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் அது பரவியபோது நோய் வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் இறந்தார்கள்.

எல்லா நோயும் மனிதனுக்கு வராது என்பதையும் சொல்ல வேண்டும். 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்தது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலால். அது மனிதனைத் தொற்றாது. ஆனால் அந்தக் கறியின் கழிவு வளர்ப்புப் பன்றியின் தீவனத்தில் கலந்தால் பண்ணையே காலியாகிவிடும். எந்த நோய் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாததால் எதையும் தொடாமல் இருப்பதே நல்லது.

பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிக்கு என்ன செய்வது என்ற விவசாயிகளின் கேள்வி நியாயமானது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அறிவித்த நடைமுறைப்படி, காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம். சுடுவது வனத்துறையின் வேலை, விவசாயியின் வேலை இல்லை.

செத்த விலங்கைப் பார்த்தால் விலகி நின்று, பிள்ளைகளையும் நாயையும் அப்பால் அனுப்பிவிட்டு, வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். எண் தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடமோ ஊராட்சித் தலைவரிடமோ சொல்லலாம். ஆடு, மாடு, பன்றி, கோழி தொற்று நோயில் சாகிறது என்றால் அதைத் தெரிவிப்பது கடமை என்றே 2009ஆம் ஆண்டு விலங்கு நோய்த் தடுப்புச் சட்டம் சொல்கிறது. செத்தது குரங்கு என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் உடனே தகவல் போக வேண்டும்.

ஏற்கெனவே தொட்டுவிட்டீர்களா? வழக்கு வருமோ என்ற பயத்தில் டாக்டரிடம் மறைப்பதுதான் இருப்பதிலேயே பெரிய ஆபத்து. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் சிகிச்சைக்குக் கிடைத்த நேரமும் போய்விடும். காட்டுக்குப் போனது, உண்ணி கடித்தது, செத்த விலங்கைத் தொட்டது எல்லாவற்றையும் நீங்களே முதலில் சொல்லுங்கள்.

காட்டு விலங்கு கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளும் மிளகாய்ப்பொடியும் வேண்டாம். காட்டு விலங்குக் கடி எதுவானாலும் மூன்றாம் வகை, அதாவது கடுமையான கடி என்றே தேசிய வழிகாட்டுதல் கருதுகிறது. ஆகவே தடுப்பூசியோடு, காயத்தில் போடும் இம்யூனோகுளோபுலினும், அதாவது வைரஸை உடனே எதிர்க்கும் மருந்தும் தேவை. அரசு மருத்துவமனையில் இவை இலவசம். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி. இம்யூனோகுளோபுலின் அங்கே இல்லை என்றால் தடுப்பூசியை அன்றே தொடங்கச் சொல்லிவிட்டு, பெரிய மருத்துவமனைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். முதல் ஊசி போட்ட 7 நாட்களுக்குள் அதைப் போட்டுக்கொள்ளலாம்.