ஹெபடைடிஸ் பி: எதிர்ப்பு சக்தி எங்கே போனது?

அந்தக் காலத்தில் செட்டிநாட்டிலிருந்து பர்மா, மலேயா போனார்கள், இப்போது வளைகுடா. விசாவுக்கு எடுக்கும் மெடிக்கலில்தான் இங்குள்ள இளைஞர்கள் பலருக்கு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் தொற்று இருப்பதே தெரியவருகிறது. காய்ச்சலில்லை, காமாலையில்லை. 'ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. ரியாக்டிவ்', அதாவது இந்த வைரஸின் புரதம் ரத்தத்தில் இருக்கிறது என்ற ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து உட்காருவார்கள்.

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து பேரனைக் கூட்டிவந்த அப்பத்தா கேட்டார்: "ஏத்தா, இவன் ஒடம்புல எதிர்ப்பு சக்தியே இல்லையா? நல்லாத்தானே சாப்புடுறான்."

இருக்கிறது. ஆனால் ஓய்ந்துபோயிருக்கிறது.

வைரஸ் புகுந்த செல்களைத் தேடி அழிப்பவை டி செல்கள் என்ற ஒருவகை வெள்ளை அணுக்கள். ஃப்ளூ போல வந்துபோகும் வைரஸ் என்றால், வேலை முடிந்ததும் அவற்றில் பெரும்பாலானவை மடிந்துவிடும். சில மட்டும் நினைவுச் செல்களாகத் தங்கும். ஹெபடைடிஸ் பி வைரஸ் அப்படிப் போவதில்லை. கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் தன் டி.என்.ஏ.வை வளையமாக்கிப் பதுங்கிக்கொண்டு, தன் புரதத்தை ரத்தத்தில் ஓயாமல் கொட்டுகிறது. வருடக்கணக்கில் அதையே எதிர்கொள்ளும் டி செல்கள் பெருகுவதைக் குறைத்துக்கொள்கின்றன. தாக்குதலுக்கு வேண்டியதைச் சரியாகச் சுரப்பதில்லை. அவற்றின் மேற்பரப்பில் பிடி-1 என்ற பிரேக் அழுந்தியே கிடக்கிறது. ஜப்பானின் தசுகு ஹோன்ஜோ குழு 1992இல் கண்டறிந்த புரதம் அது. அதைத் தடுத்தால், நாள்பட்ட தொற்றில் சோர்ந்த டி செல்கள் மீண்டும் வேலைசெய்கின்றன என்று ஹைதராபாத்தில் பிறந்த ரஃபி அகமதுவின் குழு 2006இல் எலிகளில் காட்டியது.

இந்தச் சோர்வில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. ஹெபடைடிஸ் பி-யில் கல்லீரல் கெடுவது பெரும்பாலும் வைரஸால் அல்ல. தொற்றிய செல்களை நம் டி செல்களே கொல்வதால். எல்லாம் ஒரே மூச்சில் பாய்ந்தால் கல்லீரல் தாங்காது. அதனால்தான், 'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' பவுடர் டப்பாவோடு வருகிறவர்களிடம் அந்தக் காசை ரத்தப் பரிசோதனைக்கு வையுங்கள் என்கிறேன். கீழாநெல்லி பற்றிச் சென்னையில் நடந்த ஆய்வொன்று 1988இல் பெரிய நம்பிக்கை தந்தது. பின்வந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை.

அதற்காகச் சும்மா இருந்துவிடக் கூடாது. அடங்கிக் கிடக்கும் வைரஸ் எப்போது கிளம்பும் என்று வெளியே தெரியாது. கல்லீரல் சுருக்கம், புற்றுநோய் வரை போகலாம். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. ரத்தப் பரிசோதனை, வைரஸ் அளவு, ஸ்கேன் ஆகியவற்றை டாக்டர் சொன்ன இடைவெளியில் பார்த்தே ஆக வேண்டும். மூட்டுவாதத்துக்கு ஸ்டீராய்டோ, புற்றுநோய்க்குக் கீமோவோ தொடங்குமுன் இந்தத் தொற்றைச் சொல்லிவிடுங்கள். அந்த மருந்துகளால் டி செல்களின் காவல் தளர்ந்தால் வைரஸ் கட்டுமீறும். வைரஸை அடக்கிவைக்கும் டெனோஃபோவிர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. 'நல்லாத்தானே இருக்கேன்' என்று நிறுத்திவிட்டு, சில மாதத்தில் கண்ணெல்லாம் மஞ்சளாகி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிறக்கும்போது தொற்றினால் சுமார் 90 சதவீதம் பேருக்கு நாள்பட்டதாகிவிடும். பெரியவர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே அந்தப் பேரனோடு நிறுத்தாமல் அம்மா, உடன்பிறந்தவர்கள் எல்லோருக்கும் டெஸ்ட் எழுதினேன். அடுத்து அவனுடைய அக்கா. ஆறு மாதக் கர்ப்பிணி. அவளுக்கும் பாசிட்டிவ் என்றால், குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், கூடவே இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்புப் புரத ஊசியும் போட வேண்டும். 2018இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். அரசு மருத்துவமனையில் கேளுங்கள்.