கணுக்கால் மடங்கினால் நீவாதீர்கள்

கடைசிப் படியைக் கவனிக்காமல் இறங்கியதில் கால் மடங்குகிறது. அரை மணி நேரத்தில் கணுக்கால் வீங்கிவிடுகிறது. "நடக்க முடியுதுல்ல, அப்போ சுளுக்குதான்" என்று யாராவது சொல்ல, எண்ணெய் போட்டு நீவத் தொடங்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளில், உடலின் எடையைப் பெரும்பாலும் தாங்குவது திபியா என்ற பெரிய எலும்புதான். வெளிப்பக்கமுள்ள ஃபிபுலா மட்டும் முறிந்திருந்தால் நொண்டிக்கொண்டே நடந்துவிட முடியும்.

எக்ஸ்ரே தேவையா என்று முடிவுசெய்ய, 1992இல் கனடாவில் வகுக்கப்பட்ட ஒட்டாவா விதி உதவுகிறது. கணுக்காலின் இருபுறமும் துருத்தி நிற்கும் எலும்பின் நுனியிலிருந்து, அதன் பின்விளிம்பை ஒட்டி 6 செ.மீ. மேலே வரை விரலால் அழுத்திப் பார்ப்பார்கள். எலும்பில் வலித்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அடிபட்ட உடனேயும் மருத்துவமனையிலும் நான்கு எட்டு வைக்க முடியாவிட்டாலும் அப்படியே. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு இந்த விதியை நம்பக் கூடாது. முறிந்த காலோடு வலி தெரியாமல் நடந்துகொண்டிருப்பார்கள்.

திபியா, ஃபிபுலா ஆகிய இரண்டு எலும்புகளின் கீழ்முனைகளும் சேர்ந்து தாலஸ் என்ற சிறிய எலும்பைக் கவட்டை போல் கவ்விப் பிடித்திருக்கின்றன. அந்தத் தாலஸ் 1 மி.மீ. வெளிப்பக்கம் நகர்ந்தாலே எலும்புகள் ஒன்றையொன்று தொடும் பரப்பு சராசரியாக 42 சதவீதம் குறைகிறது என்று 1976இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதே எடை சிறிய இடத்தில் இறங்கினால் குருத்தெலும்பு தேயும். 'ஒரு நூல் விலகினால் என்ன' என்று விட முடியாதது இதனால்தான்.

வெளி எலும்பு மட்டும் முறிந்து, தாலஸ் இடம் மாறாமல் இருந்தால் பெரும்பாலும் அறுவை தேவையில்லை. மாவுக்கட்டோ, கணுக்காலை அசையாமல் பிடிக்கும் பூட்ஸோ சுமார் 6 வாரம் போதும். ஒரு வாரத்தில் மறுபடி எக்ஸ்ரே எடுத்து எலும்பு விலகவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். இருபக்கமும் முறிந்தாலோ, இரண்டு எலும்புகளையும் பிணைக்கும் தசைநார் கிழிந்து தாலஸ் நகர்ந்தாலோ பிளேட், ஸ்க்ரூ வைத்துப் பொருத்துவதே பெரும்பாலும் வழி. மூட்டே விலகிப் பாதம் கோணலாகத் தெரிந்தால் மருத்துவமனையில் உடனே நேராக்க வேண்டும். தாமதித்தால் தோல் செத்துப்போகும்.

"ஒரு வாரமா ஆபரேஷன் பண்ணாம படுக்க வச்சிருக்காங்களே!" என்று குடும்பத்தார் பதறுவது நியாயம்தான். ஆனால் கணுக்காலில் எலும்புக்கு மேல் சதை கிடையாது, மெல்லிய தோல்தான். வீங்கிப் பளபளக்கும் தோலைக் கீறினால் தையல் சேராது, சீழ் பிடிக்கும். வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழும்வரை காத்திருப்பார்கள். இதற்குச் சில சமயம் 7 முதல் 14 நாள் ஆகும். அதுவரை தலையணைகளை அடுக்கிப் பாதத்தை நெஞ்சு மட்டத்துக்கு மேலே வைத்திருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் காலை நீட்டுவது போதாது.

கட்டுப் போட்ட பிறகு வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரல்கள் நீலம் பாய்ந்தாலோ, மரத்தாலோ, விரலை நிமிர்த்தும்போது உயிர் போவதுபோல் வலித்தாலோ விடியும்வரை பொறுக்காதீர்கள். கட்டைப் பிளந்து தளர்த்த வேண்டியிருக்கும். கெண்டைக்கால் வலித்து மூச்சு வாங்கினால் ரத்தக்கட்டு நுரையீரலுக்குப் போயிருக்கலாம், அதுவும் அவசரம்தான்.

சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள் காலூன்றாமல் இருக்க வேண்டிய காலம் கிட்டத்தட்ட இரு மடங்கு. முன்கூட்டியே ஊன்றினால் பிளேட்டே உடையும்.

கட்டுப் பிரித்ததும் மூட்டு இறுகியிருக்கும். மருத்துவர் அனுமதித்ததும் பாதத்தில் துண்டைக் கொடுத்து இருகையாலும் உங்களை நோக்கி இழுங்கள், கட்டைவிரலால் காற்றில் அ, ஆ எழுதுங்கள். குந்தி உட்கார மூட்டு நன்றாக மடங்க வேண்டும் என்பதால் அது கடைசியாகத்தான் திரும்பும். சில மாதங்களுக்கு மாலையில் கால் வீங்குவதும் இயல்பே.