செத்த திருக்கையும் குத்தும்

போன ஞாயிறு மட்டும் என்னிடம் சிகிச்சைக்கு வந்தவர்கள் மூன்று பேர். மூன்றாவதாக வந்தவன் ஒன்பது வயதுப் பையன். தனுஷ்கோடியில் கரைவலை இழுப்பதைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். வலையின் மடியைக் கொட்டி, மீனைப் பிரித்தெடுத்துக்கொண்டு மீனவர்கள் போன பிறகு, மணலில் கிடந்த சின்னத் திருக்கையை போட்டோவுக்காக வாலைப் பிடித்துத் தூக்கியிருக்கிறான். உள்ளங்கையில் அரை அங்குலக் கீறல்தான், அலறல் தெருமுனை வரை கேட்டது. வழியெல்லாம் ஐஸ் கட்டியை வைத்து அழுத்தி வந்திருக்கிறார்கள். "செத்த மீன்தானே டாக்டர்?" என்கிறார் அப்பா.

செத்தால் என்ன சார்? விஷம் இருப்பது வால் முள்ளைப் போர்த்திய தோலில். உயிர் போனதும் அதுவும் கூடப் போய்விடாது. கரை ஒதுங்கிய சொறிமீனும், அதாவது ஜெல்லி மீனும், அப்படித்தான். அதன் விழுதில் இருக்கும் கொட்டும் செல்கள் தொட்டாலே வெடிக்கும். மூளை உத்தரவு போட வேண்டியதில்லை, அதற்கு மூளையே கிடையாது. கண்ணாடி மாதிரி அழகாக இருக்கிறதென்று குழந்தை கையில் எடுத்துக் கொடுக்கிறீர்களே, தயவுசெய்து வேண்டாம்.

2017-ல் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்ததிலிருந்து கூட்டத்துக்குக் குறைவில்லை. வாருங்கள், சந்தோஷம். ஆனால் முனையில் குளிக்காதீர்கள். ஏன் என்று விளக்கப் போவதில்லை, பலகை வைத்திருக்கிறார்கள்.

சொறிமீன் பட்டால் கடல் தண்ணீரிலேயே கழுவுங்கள். பாட்டில் தண்ணீர் ஊற்றினாலும் மணல் போட்டுத் தேய்த்தாலும் வெடிக்காமல் மிச்சமிருக்கும் செல்களும் வெடிக்கும். சிறுநீரா? யார் கிளப்பிவிட்டார்களோ, வேண்டவே வேண்டாம். ஒட்டியிருக்கும் விழுதைக் குச்சியால் தூக்கிப் போடுங்கள். திருக்கை குத்தினால் ஐஸ் அல்ல, வெந்நீர். காயம் படாத கையால் சூடு பார்த்துவிட்டு, பொறுக்கும் சூட்டில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஊற விடுங்கள். அப்புறம் ஆஸ்பத்திரி. முள் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம், டிடி ஊசியும் போட வேண்டும். முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ வெந்நீருக்கெல்லாம் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பையனுக்கு வெந்நீர்ப் பேசினில் கையை வைத்த கால் மணி நேரத்தில் அழுகை விசும்பலாகிவிட்டது.

இந்த ராமேஸ்வரம் தீவில் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு, காலுக்கும் ஏதாவது மாட்டிக்கொண்டுதான் கடலில் இறங்குகிறார்கள். நீங்கள் வெறுங்காலோடு வருகிறீர்கள். முழங்கால் தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் மணலோடு இழுத்து நடங்கள், திருக்கை தானே விலகிப் போகும். கரையில் கிடப்பது எதுவானாலும், "அண்ணே, இதைத் தொடலாமா?" என்று கரைவலைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார், கயிறு இழுக்கக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்.