பைரசி: கடற்கொள்ளையா, கள்ளப்படியா?

‘துண்டு துண்டான ஸ்ட்ரீமிங் சேவைகளால் மீண்டும் கடற்கொள்ளைக்குத் திரும்பும் மக்கள்.’ கடந்த வாரம் வாசித்த ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையின் தலைப்பு இது. தலைப்புக்கு மேலே மண்டையோட்டுக் கொடி பறக்கும் பாய்மரக் கப்பலின் படம் வேறு. மாதச் சந்தா கட்டிச் சலித்தவர்கள் படங்களைச் சட்டத்துக்குப் புறம்பான தளங்களில் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதுதான் செய்தி. ஆனால் தலைப்பை மட்டும் வாசிக்கும் ஒருவர், விலைவாசி தாளாத குடும்பத்தலைவர்கள் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு கடலில் இறங்கிவிட்டார்கள் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. படைப்புகளை உரிமையின்றிப் படியெடுப்பதைக் குறிக்கும் ‘பைரசி’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நேராகப் போடப்படும் இந்த ‘கடற்கொள்ளை’யை வசனவரிகளிலும் செயலிகளின் எச்சரிக்கைப் பலகைகளிலும் பலமுறை பார்த்துப் பொறுத்தாயிற்று. இனியும் பொறுப்பதற்கில்லை என்பதால் இந்த விளக்கம்.

சொல்லின் வரலாறு நீளமானதன்று. ‘முயல்’, ‘தாக்க முனை’ என்னும் பொருளுடைய கிரேக்க வினையிலிருந்து ‘பெய்ராடேஸ்’ பிறந்தது. அது இலத்தீனில் ‘பிராட்டா’ ஆகி ஆங்கிலத்தில் ‘பைரட்’ ஆனது. பிறர் அச்சிட உரிமை பெற்ற நூலைத் தாமே அச்சிட்டு விற்ற அச்சகத்தாரை ஆங்கிலேயர் 17ஆம் நூற்றாண்டிலேயே இப்பெயரால் ஏசத் தொடங்கிவிட்டார்கள். அவ்வசை நாளடைவில் கலைச்சொல்லாகிவிட்டது. படைப்பாளரின் உரிமையை நாடுகளுக்கிடையே காக்க எழுந்த 1886ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். அதன் பிரெஞ்சு மூலம், போலியாகச் செய்யப்பட்ட படைப்பைப் பறிமுதல் செய்யலாம் என்று அடக்கமாகச் சொல்கிறது. ஆங்கில வடிவமோ அதே இடத்தில் ‘பைரட்’ என்னும் சொல்லைப் போடுகிறது. ஒரே சட்ட வாசகம் ஒரு மொழியில் கரையிலும் மற்றொரு மொழியில் கடலிலும் நின்றது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் பிடித்துக்கொண்டது கடலில் நின்றதை.

‘கடற்கொள்ளை’ தவறு என்று நான் சொல்வதற்கு முதற்காரணம், அச்சொல் தமிழில் வேலையில்லாமல் சும்மா கிடக்கவில்லை என்பதே. கோடியக்கரைக்கு அப்பால் மீன்பிடிக்கச் சென்ற படகுகளை நடுக்கடலில் மறித்து, வலையையும் ஜி.பி.எஸ். கருவியையும் பிடித்த மீனையும் பறித்துச் சென்றார்கள் என்ற செய்தியை நாகப்பட்டினம், வேதாரணியம் பகுதி நாளிதழ் வாசகர் அடிக்கடி வாசிக்கிறார். அச்செய்திகளில் வருகிறவர்கள் கடற்கொள்ளையர்கள். வெட்டுக்காயத்தோடு கரை திரும்பிய மீனவரைப் பற்றிய செய்தியிலும், ஒரு படத்தைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்ட கல்லூரி மாணவரைப் பற்றிய செய்தியிலும் ஒரே சொல்லைப் போடுகிறவர் முதலாமவருக்குச் செய்யும் அநீதியை உணர்வதில்லை.

இரண்டாவது, ‘கொள்ளை’ என்னும் சொல்லின் இயல்பு. ‘கொள்’ என்னும் வேரிலிருந்து வந்த இச்சொல்லில் அளவின்மையும் வெளிப்படையும் வன்மையும் கலந்திருக்கின்றன. கொள்ளை அழகு, கொள்ளை ஆசை, ஊரையே வாரிக்கொண்டு போகும் கொள்ளைநோய் ஆகிய எல்லாவற்றிலும் அடங்காத ஒரு பெருக்கு உண்டு. கொள்ளையடித்த வீட்டில் எதுவும் மிஞ்சாது. படத்தைப் படியெடுத்தவரோ மூலப்படத்தைத் தொடக்கூட இல்லை. அது உரியவரிடம் அப்படியே இருக்கிறது. அவருக்கு நேர்ந்த இழப்பு உண்மையானது, ஆனால் அது வந்திருக்க வேண்டிய வருவாயின் இழப்பு, கையில் இருந்த பொருளின் இழப்பன்று. இந்த வேறுபாடு என் கற்பனையன்று. எல்விஸ் பிரெஸ்லியின் பாடல்களை உரிமையின்றி இசைத்தட்டுகளாக்கி விற்றவர்மீதான டௌலிங் வழக்கில், அத்தட்டுகளைத் திருட்டுப் பொருள் என்று அமெரிக்காவின் திருட்டுச் சொத்துச் சட்டத்தின்கீழ்க் கொள்ள முடியாது என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்தது. நம் நாட்டுச் சட்டத்திலும் திருட்டு என்பது ஒருவர் வசமுள்ள அசையும் பொருளை அவருடைய ஒப்புதலின்றி நகர்த்துவதுதான். நகராத ஒன்றைத் திருட்டு என்பதே இத்தனை சிக்கலானால், கொள்ளை என்பது எப்படிப் பொருந்தும்?

‘ஆங்கிலத்திலும் அது உருவகம்தானே, தமிழில் ஏன் கூடாது?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் ஆங்கிலத்தில் கடற்கொள்ளையனுக்குச் சிறுவர் கதைகளில் ஒரு கவர்ச்சியான இடம் உண்டு. அவன் வில்லன் மட்டுமல்லன், தொப்பியும் கிளியும் வைத்துக்கொண்ட நாயகனும்கூட. அதனால்தான் 2003இல் சுவீடனில் தொடங்கிய, படங்களையும் பாடல்களையும் உரிமையின்றிப் பகிர உதவும் ஒரு தளம் ‘பைரட் பே’ என்று தனக்குத் தானே பெயர் சூட்டிக்கொண்டது; 2006இல் அதே நாட்டில் தோன்றிய கட்சி ‘பைரட் கட்சி’ என்ற பெயரிலேயே போட்டியிட்டு 2009இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கும் போனது. ‘கடற்கொள்ளையர் கட்சி’ என்று பெயர் வைத்துக்கொண்டு நாகப்பட்டினத்தில் ஒருவர் வாக்குக் கேட்டுப் பார்க்கட்டும். மேலும், உருவகத்தைக் கப்பலோடு இறக்குமதி செய்தேயாக வேண்டும் என்ற கட்டாயம் எந்த மொழிக்கும் இல்லை. ஜெர்மானியர் ‘பறித்த படி’ என்னும் பொருள்பட ஒரு சொல்லை ஆக்கிக்கொண்டார்கள். சீனர் ‘திருட்டுப் பதிப்பு’ என்கிறார்கள். இருவருமே கடலை விட்டுவிட்டுப் படியையும் பதிப்பையும் பிடித்துக்கொண்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

‘இணையக் கொள்ளை’ என்று கடலை மட்டும் கழற்றிவிட்டு எழுதுகிறவர்களும் உண்டு. வங்கிக் கணக்கிலிருந்து பணம் பறிபோவதையும் நாளிதழ்கள் இதே சொல்லால்தான் குறிக்கின்றன என்பதால் இது குழப்பத்தைக் கூட்டுகிறதேயன்றிக் குறைக்கவில்லை. ‘காப்புரிமைத் திருட்டு’ என்பது இன்னும் மோசம். காப்புரிமை கண்டுபிடிப்புக்கு உரியது, பதிப்புரிமை படைப்புக்கு உரியது என்னும் எளிய வேறுபாட்டையே மதிக்காத மொழிபெயர்ப்பாளரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

மக்கள் தாமே ஆக்கிக்கொண்ட ‘திருட்டு விசிடி’யைப் பற்றி மட்டும் நான் கடுமையாகப் பேச மாட்டேன். அது பர்மா பஜாரின் தள்ளுமுள்ளில் பிறந்த சொல். யாரும் அகராதி பார்த்து ஆக்கியதன்று. 2004இல் தமிழ்நாட்டின் குண்டர் சட்டத்துக்குள்ளேயே வீடியோ பைரசி கொண்டுவரப்பட்ட நாட்களில் தெருவெல்லாம் ஒலித்த சொல்லும் அதுவே. அதில் வரும் ‘திருட்டு’, களவாடப்பட்டது என்று பொருள்படவில்லை. ‘திருட்டு முழி’, ‘திருட்டு ரயில்’ என்பவற்றில்போல மறைவானது, முறையற்றது என்றே பொருள்படுகிறது. திருட்டு ரயிலேறிச் சென்னைக்கு வந்தவர் ரயிலைத் திருடிக்கொண்டு வரவில்லை. ஆனால் இந்த அடைமொழியைப் பெயர்ச்சொல்லாக்கிப் ‘படத்திருட்டு’, ‘உள்ளடக்கத் திருட்டு’ என்று எழுதும்போது நயம் போய்விடுகிறது. ‘படம் திருட்டு: இயக்குநர் புகார்’ என்று தலைப்பு வந்தால், கதையை எடுத்துக்கொண்டார்களா, ஹார்ட் டிஸ்க் காணாமற்போயிற்றா, படம் இணையத்தில் வெளியாகிவிட்டதா என்று மூன்று வகையாக ஐயுறலாம். கதைத்திருட்டு என்பது கோடம்பாக்கத்தில் தனி வழக்கு. இதனோடு அதைப் பிசையக் கூடாது.

எனக்கு உகந்த சொல் ‘கள்ளப்படி’. ‘கள்ள’ என்னும் முன்னொட்டு தமிழில் இன்று ஒழுங்காக வேலை செய்வதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கள்ளநோட்டு, கள்ளச்சாவி, கள்ளச்சாராயம், கள்ள ஓட்டு, கள்ளச்சந்தை ஆகியவற்றில் எதுவும் திருடப்பட்ட பொருளன்று. கள்ளச்சாவி பூட்டைத் திறக்கும். கள்ள ஓட்டும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். கள்ளச்சாராயமும் போதை தரும். உண்மையானதன் வேலையை, உரியவரின் ஒப்புதலோ அரசின் அனுமதியோ இல்லாமல் செய்வது எதுவோ அதற்குத்தான் தமிழ் இந்த முன்னொட்டைத் தந்திருக்கிறது. இலங்கையில் வசைச்சொல்லாகிப் பலரைப் புண்படுத்திய ‘கள்ளத்தோணி’யிலும் தோணி களவுபோனதன்று, அனுமதியின்றிக் கரை சேர்ந்ததே. ‘பிறன்பொருளைக் கள்ளத்தால் கள்வேம் எனல்’ என்னும் குறளில் கள்ளம் வேறாகவும் கள்ளுதல் வேறாகவும் நிற்பது இங்கே நினைக்கத்தக்கது. முன்னது வஞ்சம், பின்னது கவர்தல். அகப்பொருளில் ‘களவு’ என்பது மறைவான காதல் என்பதையும் சேர்த்துக்கொண்டால், இவ்வேரில் ஒளிவுமறைவு எத்தனை ஆழமாக ஊறியிருக்கிறது என்பது விளங்கும்.

‘படி’யைப் பற்றி ஒரு வார்த்தை. ஏடு படியெடுத்துப் படியெடுத்தே பழந்தமிழ் நூல்கள் நம் கைக்கு வந்தன. படியெடுத்தல் அன்று தொண்டு. செயலில் குற்றமில்லை, ஒப்புதலின்மையில்தான் குற்றம் என்பதைக் ‘கள்ள’ என்ற முன்னொட்டு சரியாகப் பிரித்துக் காட்டுகிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ‘உரிமை மீறிய படி’ என்பதற்கே வரையறை தருகிறது; 2023இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டமும் அதே தொடரை எடுத்தாண்டு, 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 3 இலட்சம் ரூபாய் தண்டமும் விதிக்கிறது. சட்டம் படி என்கிறது, மக்களோ ‘நல்ல பிரிண்ட் வந்திருச்சா?’ என்று கேட்கிறார்கள். பிரிண்ட் என்பதும் படிதான். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் மட்டும் எதற்காகக் கப்பலேறுகிறார் என்று தெரியவில்லை. ‘கள்ளப்பிரதி’ என்று எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. நல்ல தமிழ்ச்சொல் அருகிலிருக்க வடசொல் எதற்கு என்பது மட்டுமே என் குறை.

தடைகள் இல்லாமல் இல்லை. படி என்றால் மளிகைக் கடையில் அளக்கும் படியும் நினைவுக்கு வரும். கள்ளப்படி என்றதும் அளவில் ஏமாற்றும் வணிகரை எண்ணிக்கொள்வோர் இருக்கலாம். பயணப்படியும் மாடிப்படியும் இடம் நோக்கிப் பிரிந்து நிற்பதுபோல இதுவும் நிற்கும். வலுவான தடை வேறொன்று. வட்டு கைமாறிய காலம் போய்விட்டது. இப்போது பெரும்பாலோர் எதையும் இறக்கிக்கொள்வதில்லை, தளத்திலேயே ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். இத்தளங்களைக் கணக்கெடுக்கும் மூசோ நிறுவனம், உலக அளவில் 2020இல் 13,000 கோடியாக இருந்த வருகைகள் 2024இல் 21,600 கோடியாயின என்கிறது. பார்ப்பவர் படியெடுக்காதபோது கள்ளப்படி என்னலாமா? என்னலாம். கள்ளச்சாராயம் குடிப்பவர் அதைக் காய்ச்சுவதில்லை. எடுத்தவர் கள்ளப்படிக்காரர், தருவது கள்ளப்படித் தளம், பார்ப்பவர் கள்ளப்படி பார்ப்பவர். கடற்கொள்ளை என்ற சொல்லால் இம்மூவரையும் பிரித்துச் சொல்லவே முடியாது. கப்பலில் ஏறிய எல்லாரும் கொள்ளையராகிவிடுவார்கள்.

அந்தத் தலைப்பின் முன்பாதியும் என்னை உறுத்துகிறது. ‘துண்டு துண்டான சேவைகள்’ என்றால் சேவைகள் உடைந்துகிடக்கின்றன என்றாகிறது. அவை முழுமையாகத்தான், கொழுத்துத்தான் இருக்கின்றன. சிதறிக் கிடப்பவை படங்களும் தொடர்களும். அமெரிக்க நிறுவனமான எச்.பி.ஓ.வின் தொடர்கள் 2023 மார்ச் 31 வரை ஹாட்ஸ்டாரில் இருந்தன. பிறகு ஜியோசினிமாவுக்குப் போயின. 2025 பிப்ரவரி 14 அன்று அவ்விரண்டும் ஒன்றாகி ஜியோஹாட்ஸ்டார் ஆயின. ஒரே தொடரைப் பின்தொடர்ந்தவர் ஈராண்டுக்குள் மூன்று பெயர்களைக் கற்க வேண்டியிருந்தது. ‘படங்கள் பல தளங்களில் சிதறிக் கிடப்பதால்’ என்று எழுதியிருந்தால் காரணம் வாசகருக்கு உடனே கைக்கு எட்டியிருக்கும்.

என் வீட்டிலும் இது நடந்தது. ஆண்டுச் சந்தா கட்டியிருந்த ஒரு தளத்தில், ஒரு தொடரின் ஆறாம் பகுதி வரை பார்த்துவிட்டு மறுநாள் திறந்தால் தொடரையே காணவில்லை. உடனிருந்த அக்கா மகன் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னான்: ‘அது வேற ஆப்புக்குப் போயிருச்சு மாமா. குரூப்ல நல்ல பிரிண்ட் கெடக்கு, எடுத்துத் தரவா?’ எடுத்துத் தரவா என்றுதான் கேட்டான். அவன் வாயில் திருட்டும் இல்லை, கொள்ளையும் இல்லை. வேண்டாம் என்றேன் நான், ஆனால் அவனுடைய வினைச்சொல்லை மனத்துக்குள் குறித்துக்கொண்டேன்.

கட்டுரையை வெளியிட்ட தளத்துக்கு, ‘படங்கள் பல தளங்களில் சிதறியதால் சந்தாதாரர்களும் கள்ளப்படிக்குத் திரும்புகிறார்கள்’ என்ற மாற்றுத் தலைப்போடு ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது ‘கடற்கொள்ளை’ போய் ‘இணையக் கொள்ளை’ வந்திருந்தது. கப்பல் அப்படியே நின்றுகொண்டிருந்தது.