ஸ்பெஷல் அசெஸ்மென்ட்: தெரு போட்ட செலவில் உங்கள் பங்கு

அமெரிக்காவில் பழைய வீடு வாங்கப் போகும் தமிழ்க் குடும்பம் இந்தச் சொல்லைச் சந்திப்பது பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான். விலை பேசியாயிற்று, வங்கிக் கடன் வந்தாயிற்று, வருடாந்தர வீட்டு வரியும் கணக்கில் சேர்ந்தாயிற்று. அப்போது தாள்களுக்கு நடுவே ஒரு வரி எட்டிப் பார்க்கும்: ஸ்பெஷல் அசெஸ்மென்ட் பாக்கி இத்தனை ஆயிரம் டாலர், கட்டப் போவது விற்பவரா, வாங்குபவரா? அகராதியைப் புரட்டினால் 'சிறப்பு மதிப்பீடு' என்று இருக்கும். யாரோ வந்து வீட்டை நன்றாக மதிப்பிட்டுவிட்டுப் போனதற்குக் கூலி கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டால் அது வாசகர் குற்றமில்லை.

விஷயம் இதுதான். ஒரு தெருவை நகராட்சி புதிதாகப் போடுகிறது. மண்பாதை தார்ச்சாலையாகிறது, அல்லது நடைபாதை, தெருவிளக்கு, கழிவுநீர்க் குழாய் வருகிறது. அந்தச் செலவை ஊர் முழுவதன் தலையிலும் போடாமல், முழுவதையுமோ ஒரு பகுதியையோ அந்தத் தெருவில் மனை வைத்திருப்பவர்களிடமே பிரித்து வாங்குவதுதான் ஸ்பெஷல் அசெஸ்மென்ட். ஆண்டுதோறும் வரும் சொத்து வரி வேறு. இது ஒரு வேலைக்கு ஒரு முறை விழுவது. மொத்தமாகக் கட்டலாம், வட்டியோடு பல ஆண்டுத் தவணையிலும் கட்டலாம். கட்டாவிட்டால் கடன் ஆளைப் பிடிப்பதில்லை, மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் வீடு கைமாறும்போது அந்தக் கேள்வி வருகிறது.

எப்படிப் பிரிப்பார்கள்? பழைய வழி முகப்பு அடிக் கணக்கு, அதாவது தெருவைத் தொடும் மனையின் விளிம்பை அடியில் அளந்து அந்த விகிதத்தில் பிரிப்பது. சும்மா ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம்: தெரு 1,000 அடி நீளம், இரு பக்கமும் சேர்த்து 2,000 அடி முகப்பு. செலவு 4 லட்சம் டாலர். பாதியை நகராட்சி ஏற்கிறது. மீதி 2 லட்சத்தை 2,000 அடியால் வகுத்தால் அடிக்கு 100 டாலர். 60 அடி முகப்பு உள்ளவருக்கு 6,000 டாலர். மூலைமனைக்காரர் பாடுதான் திண்டாட்டம். முன்னால் 60 அடி, பக்கவாட்டில் 130 அடி என்றால் இரண்டு தெருவுக்கும் சேர்த்து அவர் தலையில் 190 அடி விழும். நம் ஊரில் 'கார்னர் பிளாட்' என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறோமே, அந்தப் பெருமைக்கு அங்கே இப்படி ஒரு தண்டம். பல நகரங்கள் மூலைமனைகளுக்குத் தள்ளுபடி வைத்திருப்பது இதனால்தான்.

இனிச் சொல்லுக்கு வருவோம்: இதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்? அசெஸ் என்ற ஆங்கில வினையின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'அட்' என்றால் அருகே, 'செதேரே' என்றால் உட்கார். நீதிபதியின் அருகே உட்கார்ந்து தொகையை நிர்ணயிக்கத் துணை நின்றவரின் வேலையிலிருந்து 'வரித்தொகையைக் குறி' என்ற பொருள் பிறந்தது. அளவைக் குறிக்கும் 'சைஸ்' என்ற சொல்லும் இதே குடும்பத்துப் பிள்ளைதான். ஆக, அசெஸ்மென்ட் என்பதற்குள் இரண்டு வேலைகள் ஒட்டியிருக்கின்றன. இவ்வளவு என்று கணிப்பது ஒன்று, அதைக் கட்டு என்று சுமத்துவது மற்றொன்று. நம் 'மதிப்பீடு' முதல் வேலையை மட்டும் செய்துவிட்டு நின்றுவிடுகிறது. வீட்டு வரி ரசீதில் 'வரி விதிப்பு எண்' என்று அச்சிட்டவர் இதை உணர்ந்தே எழுதியிருக்க வேண்டும். அங்கே 'மதிப்பீட்டு எண்' என்று போட்டிருந்தால் பாதிப் பொருள் போயிருக்கும். இலங்கையில் சோலைவரி என்கிறார்கள். எனக்குப் பிடித்த சொல், ஆனால் அது ஆண்டு வரிக்கானது, இங்கே உதவாது.

'ஸ்பெஷல்' இன்னும் வழுக்கும். அது அசெஸ்மென்டின் சிறப்பைச் சொல்ல வந்ததல்ல. தெரு போட்டால் ஊருக்கெல்லாம் கொஞ்சம் பயன் உண்டு, அது பொதுப் பயன். அந்தத் தெருவில் இருக்கும் மனைக்கு மட்டும் கூடுதலாக ஒரு பயன் சேர்கிறது, விலை ஏறுகிறது. அதுதான் ஸ்பெஷல் பெனிஃபிட், தனிப் பயன். அந்தப் பயனுக்கு எதிரே வைக்கிற தொகை என்பதால்தான் 'ஸ்பெஷல்'. தமிழில் 'சிறப்பு' என்றதும் மேன்மை என்ற மணம் வந்துவிடுகிறது; சிறப்பு விருந்தினர், சிறப்புத் தள்ளுபடி வரிசையில் ஒரு கடன் நோட்டீசைச் சேர்ப்பது கொடுமை.

பேச்சு தெருவைப் பற்றியதால் ஒரு கிளைக்கதை. கல் பாவிய தெரு, தளம் பாவிய முற்றம் என்கிறோம். பாவுதல் என்றால் பரப்புதல். ஆங்கிலத்தில் 'பேவ்' என்பதைப் பார்த்ததும் இரண்டும் ஒன்றென்று துள்ளுபவர்கள் உண்டு. ஒலி ஒத்துப்போவது தற்செயல். பேவ் வந்த லத்தீன் வினைக்கு 'இடித்துக் கெட்டிப்படுத்து' என்று பொருள். நம் திமிசுக் கட்டைக்காரர் செய்யும் வேலை. நம் பாவுதலோடு பொருளில் ஒத்துப்போவது வேறொரு சொல்: ஸ்ட்ரீட். லத்தீன் 'வியா ஸ்ட்ராட்டா' என்றால் பரப்பிய வழி, அதாவது பாவிய வழி. ஒலியில் ஒருவர், பொருளில் இன்னொருவர். சொல்லாராய்ச்சியில் அவசரப்படக் கூடாது என்பதற்கு நான் அடிக்கடி காட்டும் ஜோடி இது.

இந்த ஏற்பாட்டின் ஊற்று லண்டன். 1666ல் பெருந்தீ நகரத்தைத் தின்றது. மறு ஆண்டு வந்த மறுகட்டுமானச் சட்டத்தில், தெருவும் வடிகாலும் அமைக்கும் செலவைப் பயன்பெறும் வீடுகளின் மேல் பகிர்ந்து சுமத்த வழி செய்தார்கள். 1691ல் நியூயார்க் குடியேற்றம் அதையொட்டி ஒரு சட்டம் போட்டது. பிரிட்டனில் இது வேறு கிளையாக வளர்ந்தது. தனியார் தெருவைச் சீராக்கும் செலவைத் தெருவோர மனைக்காரர்களிடம் வாங்குவது 1892ஆம் ஆண்டுச் சட்டமாயிற்று. அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் நகரங்கள் காட்டுச்செடி போல வளர்ந்தபோது பல ஊர்களில் தெரு போட்டது இந்தப் பணம்தான்.

சண்டையும் அங்கேதான் முற்றியது. ஒஹையோ மாநிலத்து நார்வுட் என்ற ஊர், ஒரு பெண்மணியின் நிலத்தின் நடுவே தெரு வெட்டியது. எடுத்த நிலத்துக்கு 2,000 டாலர் இழப்பீடு என்று தீர்ப்பானது. ஊராட்சி என்ன செய்தது தெரியுமா? அந்த 2,000 டாலரையும் வழக்குச் செலவையும் சேர்த்து, அவரிடம் மிஞ்சியிருந்த நிலத்தின் மேலேயே அசெஸ்மென்டாகப் போட்டது. வலக்கையால் கொடுத்ததை இடக்கையால் பிடுங்கிய கதை. 1898ல் உச்ச நீதிமன்றம் அதை ஒப்பவில்லை. நிலத்துக்குக் கிடைத்த தனிப் பயனைவிட வெகுவாக மிஞ்சிய தொகையைச் சுமத்தினால், அந்த மிச்சம் இழப்பீடில்லாமல் சொத்தைப் பறிப்பதாகும் என்றது. உடனே நாடெங்கும் முகப்பு அடிக் கணக்கே செல்லாதோ என்ற கலக்கம். கேன்சஸ் சிட்டியில் தார் போட்ட பார்பர் அஸ்பால்ட் கம்பெனி சம்பந்தப்பட்ட 1901ஆம் ஆண்டு வழக்கில், முகப்பு அடிக் கணக்கு செல்லும் என்று அதே நீதிமன்றம் சொன்ன பிறகுதான் நகராட்சிகளுக்கு மூச்சு வந்தது.

இது வரியா, இல்லையா என்ற கேள்வி மட்டும் சாகவில்லை. அமெரிக்காவில் தேவாலயங்களுக்குச் சொத்து வரி கிடையாது, ஆனால் ஸ்பெஷல் அசெஸ்மென்டிலிருந்து பொதுவாக அவை தப்ப முடியாது. மினசோட்டா தலைநகர் செயின்ட் பால், தெருக்கூட்டல், பனி அகற்றல், விளக்கு, மரம் வெட்டல் எல்லாவற்றுக்கும் முகப்பு அடிக் கணக்கில் ஆண்டுதோறும் தொகை வாங்கிவந்தது. தேவாலயங்கள் வழக்குப் போட்டன. இது ஒழுங்குமுறைக் கட்டணம், ஆகவே தனிப் பயனை நிரூபிக்கத் தேவையில்லை என்றது நகரம். 2016ல் மாநில உச்ச நீதிமன்றம் அதை மறுத்து, இது வரி விதிக்கும் அதிகாரத்தில் வருவதே என்றது. அப்படியானால் தனிப் பயன் என்ற எல்லைக்கும் கட்டுப்பட்டாக வேண்டும். ஒரு பெயரை மாற்றினால் எத்தனை கடமை கழன்றுகொள்கிறது என்று பாருங்கள். மொழிபெயர்ப்பவர் ஏனோதானோ என்று சொல்லைப் போடக் கூடாத இடம் இது.

எனக்கு வழி காட்டியது ஜெர்மன். அங்கே மூன்று சொற்களைக் கறாராகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எதிரே எதுவும் எதிர்பாராமல் கட்டுவது வரி. பெற்ற சேவைக்குக் கொடுப்பது கட்டணம். பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும், பயன் கைக்கெட்டும்படி வைக்கப்பட்டதற்காகத் தருவது 'பைட்ராக்', அதாவது பங்களிப்பு. தெருவுக்கு வாங்குவது இந்த மூன்றாவது. (பழைய தெருவைப் புதுப்பிக்க வாங்கும் பங்கை 2018ல் ஜெர்மனியின் பவேரியா மாநிலம் ஒழித்துவிட்டது, புதுத் தெரு போடுவதற்கான பங்கு இன்னும் இருக்கிறது.) கொலம்பியாவில் 1921 முதல் இருக்கும் இதே வகை வசூலுக்கும் பெயர் பங்களிப்புதான். இவ்வளவு ஏன், பாசனத்தால் மதிப்பு உயர்ந்த நிலங்களுக்காகச் சென்னை மாநிலம் 1955ல் கொண்டுவந்த சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் இருப்பது 'பெட்டர்மென்ட் கான்ட்ரிபியூஷன்', அதாவது மேம்பாட்டுப் பங்களிப்பு என்பதே.

கருத்து நமக்குப் புதிதல்ல. ஏரியைப் பராமரிக்க வாங்கிய ஏரி ஆயம் கல்வெட்டுகளில் இருக்கிறது. குடிமராமத்து என்பதே, வாய்க்காலில் தண்ணீர் பாயும் குடிகள் அந்த வாய்க்காலை வெட்டித் தூர்வாரித் தரவேண்டும் என்ற ஏற்பாடு; காசுக்குப் பதில் மண்வெட்டி. கோயில் கொடைக்கு வீட்டுக்கு வீடு வாங்கும் தலைக்கட்டு வரி இன்றும் நடக்கிறது. ஆனால் அது குடும்பத்துக்கு இவ்வளவு என்பது. மனையின் அகலத்தை யாரும் அளப்பதில்லை. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்குத்தொகை உண்டு, கட்டாயம் இல்லை. அங்கீகாரமில்லாத மனையை வரன்முறைப்படுத்தும்போது கட்டும் வளர்ச்சிக் கட்டணம் கொஞ்சம் கிட்டே வருகிறது. ஆனால் அது குறிப்பிட்ட ஒரு தெருவின் செலவுக் கணக்கோடு கட்டிப்போடப்பட்டதல்ல. கட்டியவர் தெரு இன்னும் குண்டும் குழியுமாகவே இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே 'சிறப்பு வரி' வேண்டாம். தீர்ப்புக்கு முன்பே தீர்ப்புச் சொன்னதாகிவிடும். 'மேம்பாட்டுக் கட்டணம்' வேண்டாம். வளர்ச்சிக் கட்டணத்தோடு குழம்பும். என் தேர்வு 'பயன்பங்கு'. எதற்காக வாங்குகிறார்கள் என்பதைப் பயன் சொல்கிறது. எப்படி வாங்குகிறார்கள் என்பதைப் பங்கு சொல்கிறது. தெருவுக்கானது தெருப் பயன்பங்கு, அதைக் கணக்கிட்டு விதிப்பது பயன்பங்கு விதிப்பு. 'இந்த வீட்டின் மேல் பயன்பங்கு பாக்கி இருக்கிறதா?' என்று கேட்டால் எந்த ஊர்த் தமிழருக்கும் பாதியாவது விளங்கும்.

ஒரு எச்சரிக்கை. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களும் கூரை ஒழுகினால், லிஃப்ட் பழுதானால் திடீரென்று வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவதை அமெரிக்காவில் இதே பெயரால்தான் அழைக்கிறார்கள். அது நகராட்சி விதிப்பதல்ல, தனிப் பயனை அளந்து போடுவதுமல்ல. அங்கே பயன்பங்கை இழுக்க வேண்டாம். தலைக்கட்டு வரி என்றே சொல்லிவிடலாம்.