சவுத்பா: பொருளும் பிறப்பும் தமிழும்

குத்துச்சண்டையில் வலக்காலையும் வலக்கையையும் முன்னே வைத்து, இடக்கையைத் தாடையருகே பின்னே நிறுத்திக்கொள்ளும் நிலை சவுத்பா. அப்படி நிற்பவருக்கும் அதே பெயர்தான். இடக்காலை முன்வைக்கும் வழக்கமான நிலை ஆர்த்தடாக்ஸ்.

ஆங்கிலத்தில் 'சவுத்' தெற்கு. 'பா' விலங்கின் பாதம், கொச்சையில் மனிதக் கை. பேஸ்பாலில் மாலை வெயில் கண்ணில் அடிக்காமலிருக்க மட்டையாளரைக் கிழக்கு நோக்கி நிறுத்துவார்கள். எதிரே மேற்கு பார்த்து நிற்கும் எறிவாளரின் இடக்கை தெற்கே இருக்கும். பெயர் அப்படி வந்தது என்பார்கள். கதை அழகுதான். ஆனால் 1848-லேயே, அப்படி மைதானம் கட்டும் வழக்கம் பரவுவதற்கு முன்பே, இடக்கைக் குத்து என்ற பொருளில் இச்சொல் அச்சேறிவிட்டது. பேஸ்பால் அதைப் பரப்பியது என்று மட்டும் கொள்ளலாம்.

'தென்கை' என்று பெயர்த்தால் நமக்குத் தலைகீழாகப் போகும். கிழக்கு நோக்கி நின்று திசை பார்க்கும் மரபில் தெற்கு வலப்பக்கம். தட்சிணம் என்ற வடசொல்லுக்கு வலம், தெற்கு இரண்டுமே பொருள். 'இடங்கை'யும் உதவாது, கல்வெட்டுகளில் அது வலங்கைக்கு எதிரான சமூகப் பிரிவின் பெயர். பீச்சாங்கை, நொட்டாங்கை என்பவற்றில் ஏளனம் ஒட்டியிருக்கிறது. ஆளைக் குறிக்க 'இடக்கையர்' போதும். நிலைக்கு 'வலமுன் நிலை' என்பதே சரி. ஆர்த்தடாக்ஸ் 'இடமுன் நிலை'.

இரண்டையும் பிரித்துச் சொல்லக் காரணம் உண்டு. குத்துச்சண்டை வீரர் லோமாசென்கோ வலக்கையர், ஆனால் நின்றது வலமுன் நிலையில். இன்னொரு வீரர் ஆஸ்கர் டி லா ஹோயா இடக்கையர், ஆனால் நின்றது இடமுன் நிலையில். வலுவான கை முன்னே இருந்ததால் அவருடைய ஜாபும் (முன்கையால் சட்டென விடும் நேர்க்குத்து) ஹூக்கும் (கையை வளைத்து விடும் குத்து) கனமாக இறங்கின. கிரிக்கெட்டிலும் இதே குழப்பம். 'இடக்கை ஆட்டக்காரர்' கங்குலி வலக்கையர். வலக்கை மட்டையாளர் சச்சின் எழுதுவது இடக்கையால். இப்படி மாறி நிற்பவர்கள் தொழில்முறை மட்டையாளர்களிடையே பல மடங்கு அதிகம் என்று 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இடக்கையர் பிறவியிலேயே சிறந்த வீரர் என்ற பேச்சை நம்ப வேண்டாம். மக்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினரே இடக்கையர்; எதிராளிக்கு அவர்களோடு மோதிப் பழக்கம் குறைவு. அனுகூலத்தின் பெரும்பகுதி அவ்வளவுதான். அதனால்தான் எதிராளியைப் படித்து நொடிக்குள் முடிவெடுக்க வேண்டிய ஆட்டங்களில் அது தெரிகிறது; நீச்சலில் தெரிவதில்லை. இரண்டு சவுத்பாக்கள் மோதினால் இருவருக்குமே அது பறிபோகும்.

வளையத்தில் நடப்பது இது: எதிரெதிர் நிலைக்காரர்களின் முன்கால்கள் ஒரே கோட்டில் வந்து மிதிபடும், முன்கைகள் முட்டிக்கொண்டு ஜாப் தடைபடும். யார் முன்காலை எதிராளியின் முன்காலுக்கு வெளியே வைக்கிறாரோ அவருடைய பின்கை நேர்க்குத்துக்கு வழி திறக்கும். ஆகவே சவுத்பா தன் வலப்பக்கமாகச் சுற்ற வேண்டும், ஆர்த்தடாக்ஸ் தன் இடப்பக்கமாக. திசை மாறிச் சுற்றினால் எதிராளியின் பின்கைக்குள் நாமே போய் நிற்போம். சவுத்பாவின் இடக்கை உடற்குத்து எதிராளியின் கல்லீரல் பக்கம் இறங்கும் என்பதால், ஆர்த்தடாக்ஸ் வீரர் வல முழங்கையை விலாவை விட்டு எடுக்கக் கூடாது.

புதிதாக வருபவரிடம் எந்தக் கையால் எழுதுகிறாய் என்று கேட்டு நிலையை முடிவு செய்வது போதாது. பந்தை எறியச் சொல்லுங்கள், உதைக்கச் சொல்லுங்கள். எதிர்பாராமல் பின்னாலிருந்து மெல்லத் தள்ளி எந்தக் கால் முன்னே போகிறது என்று பாருங்கள். எந்தக் கண் முதன்மை என்றும் பாருங்கள்: இரு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளுக்கிடையே சிறு துளை விட்டு, தூரப் பொருளைப் பார்த்தபடி ஒவ்வொரு கண்ணாக மூட வேண்டும். எந்தக் கண்ணை மூடும்போது பொருள் மறைகிறதோ அதுவே முதன்மைக் கண். விடைகள் கலந்து வந்தால் சில வாரங்கள் இரு நிலைகளிலும் நிழல்குத்துப் பயிற்சி (எதிராளி இல்லாமல் காற்றில் குத்துவது) கொடுத்து, கால் சிக்காமல் பின்வாங்க முடிகிற நிலையைத் தேர்ந்தெடுக்கலாம்.